டெபியன் சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது, பைல்களை அழித்தும் இடம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

காலண்டர்_டிசைனர்:

வணக்கம். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். லினக்ஸ் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர் ஓடுகிறது. திரையில் டெபியன் 10 என்று வருகிறது. ஏழு டிசைன் கம்ப்யூட்டரும், எல்லாமே விண்டோஸ், அதிலுள்ள 'ஜாப்ஸ்' என்ற ஷேர் போல்டரில்தான் வேலையைச் சேமிக்கின்றன. இதை அமைத்துக் கொடுத்த அண்ணன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது ரூட் (சர்வரின் முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டை ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதித் தந்தார், அவ்வளவுதான் ஒப்படைப்பு. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்லா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது போட்டோஷாப்பும் கோரல்டிராவும்.

திங்கட்கிழமையிலிருந்து யார் சேமித்தாலும் டிஸ்க்கில் இடமில்லை என்கிறது. போன வருட ஜாப் எல்லாவற்றையும் விண்டோஸிலிருந்தே அழித்தேன், 60 ஜிபிக்கு மேல் இருக்கும். ஒரு எம்பி கூடத் திரும்பி வரவில்லை. அழித்தது எங்கேதான் போனது? காலண்டர் சீசன் வேறு, மெஷின் சும்மா நின்றால் அண்ணாச்சி என்னைத்தான் கேட்பார். புட்டி (என் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் புரோகிராம்) வழியாக ரூட்டாக உள்ளே போக முடிகிறது. அப்புறம் மெமரியும் முழுக்க நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது, 8 ஜிபியில் 200 எம்பிதான் மிச்சம். இரண்டும் ஒரே கோளாறா?

---

வேகம்24:

ஈசி ப்ரோ. /வார்/லாக் உள்ளே இருக்கிற லாக் (புரோகிராம்கள் எழுதி வைக்கும் பதிவு) எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், அதெல்லாம் குப்பை. ஜாப்ஸ் போல்டருக்கு 777 பர்மிஷன் கொடுங்கள், அதற்கும் சரிவரவில்லை என்றால் மேலே ரூட்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள். ஒரு ரீபூட். முடிந்தது.

---

ஐநோட்:

காலண்டர், மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். எதையும் அழிக்க வேண்டாம், ரீபூட்டும் வேண்டாம். இப்போதைக்குப் பார்க்க மட்டும் செய்யுங்கள். பார்க்கிற கட்டளைகளால் எதுவும் கெட்டுப்போகாது.

பஸ்ஸில் இருக்கிறேன், போனில் தமிழ் கீபோர்டு, அதனால் கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டிஎஃப் -எச் என்று அடித்தால் எந்த டிஸ்க்கில் எவ்வளவு போயிருக்கிறது என்று வரும். டிஎஃப் -ஐ என்றால் ஐநோடு கணக்கு, அதாவது எத்தனை பைல் வைக்கலாம் என்ற கணக்கு. ஈஎக்ஸ்டி4-இல் (லினக்ஸ் டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கும் முறை) அந்த எண்ணிக்கை டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், கோடிக்கணக்கில் குட்டிக் குட்டிப் பைல்கள் சேர்ந்தால் இடம் இருந்தும் "இடமில்லை" என்று வரும். உங்களிடம் இருப்பதெல்லாம் பெரிய டிசைன் பைல்கள், அதனால் இது இருக்காது என்றே நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / . எந்தப் போல்டர் எவ்வளவு தின்கிறது என்று இதில் தெரியும். கொஞ்ச நேரம் ஓடும், பொறுமையாக இருங்கள்.

மூன்றின் விடையையும் இங்கே போடுங்கள்.

மெமரிக்குக் கவலைப்பட வேண்டாம். சும்மா கிடக்கிற ராமில் லினக்ஸ் டிஸ்க் பைல்களை வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். ஃப்ரீ -எச் அடித்து 'ஃப்ரீ' என்ற பத்தியை விட்டுவிட்டு 'அவெய்லபிள்' பத்தியைப் பாருங்கள். அங்கே 5, 6 ஜிபி இருக்கும்.

---

காலண்டர்_டிசைனர்:

மன்னிக்கவும் அண்ணா, உங்கள் பதில் வருவதற்குள் /வார்/லாக்/சாம்பா உள்ளே இருந்த ஒரு பெரிய பைலை அழித்துவிட்டேன். அது மட்டுமே 115 ஜிபி இருந்தது! ஆனால் அதற்கும் இடம் வரவில்லை. 777 செய்யவில்லை, நல்லவேளை அந்த நேரம் டீ வந்துவிட்டது.

டிஎஃப்: மொத்தம் 458 ஜி, உபயோகம் 441 ஜி, மிச்சம் 0, 100 சதவீதம். ஐநோடு 3 சதவீதம்தான்.

டியூ: /ஹோம் 190 ஜி (ஜாப்ஸ் அதில்தான் இருக்கிறது), /எம்என்டி 121 ஜி, /வார் 9 ஜி, மற்றதெல்லாம் சேர்ந்து 6 ஜி.

அவெய்லபிள் 6.1 ஜிபி. அது சரி.

கூட்டிப் பார்த்தால் 326தான் வருகிறது, டிஎஃப் 441 என்கிறது. எது பொய் சொல்கிறது?

---

பழைய_டெர்மினல்:

தம்பி, இரண்டுமே பொய் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தாய் பார், அதிலேயே பாதி வேலை முடிந்தது. 441-இல் 326 போக 115. நீ அழித்த லாக் எவ்வளவு? 115. கிடைத்துவிட்டது.

லினக்ஸில் பைலின் பெயர் வேறு, பைல் வேறு. போல்டர் என்பது ஒரு பெயர்ப்பட்டியல்தான், இந்தப் பெயர் இந்த ஐநோடு எண்ணைக் குறிக்கிறது என்று எழுதியிருக்கும். நீ அழித்தது பட்டியலில் இருந்த பெயரை. அந்தப் பைலை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து வைத்திருந்தால், அது மூடுகிற வரைக்கும் உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டதால் ஆள் வீட்டைக் காலி செய்து போய்விடுவாரா? டியூ பெயர்களைப் பின்பற்றிக் கூட்டுகிறது, டிஎஃப் டிஸ்க்கின் கணக்கைச் சொல்கிறது. அதனால்தான் இந்த வித்தியாசம்.

எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடி. அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கிற பைல்கள் எல்லாம் வரும், பக்கத்தில் எந்த புரோகிராம் என்றும் இருக்கும். என் கணிப்பு, எஸ்எம்பிடி என்று வரும். அதுதான் சாம்பா, உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஷேர் போல்டரைக் காட்டுகிற புரோகிராம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் பைலை மூடச் சொல்லிவிட்டு சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி கொடு, மொத்த சர்வரையும் ரீபூட் செய்யத் தேவையில்லை. அடுத்த முறை ஓடுகிற புரோகிராமின் லாக் பெரிதாகிவிட்டால் அழிக்காதே, ட்ரன்கேட் -எஸ் 0 போட்டுப் பைலைக் காலி செய். பெயர் இருக்கும், இடம் அப்போதே திரும்பி வரும்.

சரி, 115 ஜிபி லாக் எப்படி வந்தது? /ஈடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப் திறந்து 'லாக் லெவல்', 'மேக்ஸ் லாக் சைஸ்' என்ற இரண்டு வரியையும் பார். உனக்கு முன்னால் இருந்தவர் ஏதோ கோளாறைத் தேட லெவலை 10 ஆக்கிவிட்டு, சைஸை 0 என்று போட்டிருப்பார். 0 என்றால் இங்கே வரம்பே இல்லை என்று அர்த்தம். தேடி முடித்தவர் திரும்ப மாற்ற மறந்திருப்பார். நானும் இப்படி மறந்திருக்கிறேன், ஆகவே திட்ட மாட்டேன். லெவல் 1, சைஸ் 1000 என்று வை (கேபி கணக்கு அது). மாற்றுவதற்கு முன் அந்தப் பைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள். மாற்றிய பின் டெஸ்ட்பார்ம் என்று அடி, பிழை இருந்தால் சொல்லும். அப்புறம்தான் ரீஸ்டார்ட்.

இன்னொரு விஷயம் இதில் என்னை உறுத்துகிறது. 458-இல் 441 போனால் 17 ஜிபி மிச்சம் இருக்க வேண்டும், உனக்கு 0 காட்டுகிறது. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு என்று ஒதுக்கி வைக்கும், டிஸ்க் நிறைந்தாலும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரி செய்யட்டும் என்று. உன் டிஸ்க்கில் அது 23 ஜிபி இருக்கும். டிசைனர்கள் யாரும் அதைத் தொட முடியாது. ஆனால் அந்த 23-லேயே 6 ஜிபி போயிருக்கிறதே? அப்படியென்றால் ரூட்டாக ஓடுகிற ஏதோ ஒன்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. கிரான்டேப் -எல் அடித்துப் பார், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல் வரும். /எம்என்டியில் 121 ஜிபி என்றாயே, அங்கே என்ன இருக்கிறது? எனக்கு அந்த இடம்தான் சந்தேகம்.

---

மேகவாசி:

இத்தனை கஷ்டம் எதற்கு, எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டு இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?

---

ஐநோட்:

ஒரு காலண்டர் தாளின் பிரின்ட் பைல் ஒன்றரை ஜிபி வரும். ஏழு பேர் நாள் முழுக்கத் திறந்து மூடுகிற வேலை. ஆபீஸுக்குள் கிகாபிட் சுவிட்ச் வழியாகப் போவதும் இன்டர்நெட் வழியாகப் போவதும் ஒன்றா? பேக்கப்பின் ஒரு நகலை வெளியே வைக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

காலண்டர்_டிசைனர்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே எஸ்எம்பிடிதான். பெயருக்குப் பக்கத்தில் 'டிலீட்டட்' என்று இருந்தது. லெவல் 10, சைஸ் 0, அதுவும் அப்படியே. இதை எப்படிப் பார்க்காமலே சொன்னீர்கள்! மதியம் ரீஸ்டார்ட் செய்தேன், உபயோகம் 326 ஜிக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் சேமிக்கிறார்கள், அண்ணாச்சி பருத்திப்பால் வாங்கித் தந்தார்.

கிரான்டேப்பில் ஒரே ஒரு வரிதான். 30 1, மூன்று நட்சத்திரம், அப்புறம் ஆர்சிங்க் -ஏ என்று ஆரம்பித்து /ஹோம்/ஜாப்ஸ்/ இலிருந்து /எம்என்டி/பேக்கப்/ க்கு. அப்படியென்றால் பேக்கப் ஒழுங்காக ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அந்த 121 ஜிபி பேக்கப்தான் போல.

---

பழைய_டெர்மினல்:

ஒழுங்காக ஓடுகிறதுதான், ஆனால் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தாயா? (ஆர்சிங்க் என்பது பைல்களை நகலெடுக்கும் புரோகிராம். அந்த வரிக்கு அர்த்தம்: 30-ஆவது நிமிடம், 1 மணி, எல்லா நாளும். அதாவது தினமும் அதிகாலை ஒன்றரை மணிக்கு.)

ஐநோட் உன்னிடம் டியூவில் -எக்ஸ் போடச் சொன்னார் அல்லவா, அதற்கு ஒரே டிஸ்க்குக்குள் இருப்பதை மட்டும் கூட்டு, வேறு டிஸ்க் மாட்டியிருந்தால் அதைத் தாண்டு என்று பொருள். பேக்கப் தனி டிஸ்க்கில் இருந்திருந்தால் அந்தக் கணக்கில் /எம்என்டி கிட்டத்தட்ட 0 வந்திருக்கும். உனக்கு 121 வந்தது. ஆக அது அதே டிஸ்க்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

விண்டோஸில் புது டிஸ்க் மாட்டினால் இ, எஃப் என்று தனி எழுத்து வரும். இங்கே அப்படிக் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற ஒரு காலிப் போல்டரின் மேல் அந்த டிஸ்க்கைப் 'மவுண்ட்' செய்வார்கள். டிஸ்க் மாட்டியிருந்தால் அந்தப் போல்டருக்குள் போகிறவன் டிஸ்க்குக்குள் போகிறான். டிஸ்க் இல்லை என்றாலும் போல்டர் இருக்கும், கதவும் திறந்தே இருக்கும், ஆர்சிங்குக்கு வித்தியாசம் தெரியாது, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். அந்த சர்வரில் யூஎஸ்பி டிஸ்க் ஏதாவது மாட்டியிருந்ததா?

---

காலண்டர்_டிசைனர்:

ஐயோ.

ஆயுத பூஜைக்கு எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். சர்வரையும்தான். அதன் மேல் ஒரு கறுப்பு டப்பா இருந்தது, வயரைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்தேன். திரும்ப மாட்டினோமா என்று எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன், அலமாரியில்தான் இருக்கிறது, பொட்டு கூட அழியாமல் அப்படியே.

அப்படியானால் மூன்று வாரமாக எங்களுக்குப் பேக்கப்பே இல்லையா?

---

ஐநோட்:

இல்லை. சர்வருக்குள் இருக்கிற டிஸ்க் செத்திருந்தால் அசலும் நகலும் சேர்ந்தே போயிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது, ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே.

சர்வர் பூட் ஆகும்போது ஏன் எதுவும் சொல்லவில்லை என்றால், /ஈடிசி/எஃப்எஸ்டாப் என்ற பைலில் அந்த யூஎஸ்பி வரியில் 'நோஃபெயில்' என்று இருக்கும். டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பூட் ஆகு என்று அர்த்தம். அது இல்லாமல் இருந்திருந்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்றிருக்கும், ஆயுத பூஜை முடிந்த மறுநாளே கண்டுபிடித்திருப்பீர்கள். அதற்காக நோஃபெயிலை எடுத்துவிட வேண்டாம், யூஎஸ்பி வயர் ஆடியதற்கெல்லாம் அச்சகம் நிற்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் /எம்என்டி/பேக்கப் என்பதை /எம்என்டி/பழையது என்று பெயர் மாற்றி, அதே இடத்தில் பேக்கப் என்று புதுக் காலிப் போல்டர் உருவாக்குங்கள். இரண்டும் ஒரே டிஸ்க் என்பதால் பெயர் மாற்றம் ஒரு நொடியில் முடியும். பிறகு யூஎஸ்பியை மாட்டி மவுண்ட் -ஏ கொடுங்கள். ஃபைண்ட்மவுண்ட் /எம்என்டி/பேக்கப் அடித்தால் இந்த முறை டிஸ்க்கின் பெயர் வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் மவுண்ட் ஆகவில்லை, மேலே போகாதீர்கள், இங்கே வந்து கேளுங்கள்.

வந்துவிட்டால் ஆர்சிங்கை ஒரு முறை கையால் ஓட்டுங்கள், முதலில் -என் சேர்த்து. -என் என்றால் ஒத்திகை, என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது. கிரான் வரியில் ஆர்சிங்குக்கு முன்னால் மவுண்ட்பாயின்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் && என்று சேர்த்துவிடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால்தான் ஆர்சிங்க் ஓடும்.

/எம்என்டி/பழையது இன்றைக்கே அழிக்க வேண்டாம். புது பேக்கப்பிலிருந்து நாலைந்து பைலை எடுத்து கோரல்டிராவில் திறந்து பாருங்கள். திறந்தால் அப்புறம் அழிக்கலாம்.

(ஒரு உபரித் தகவல்: சாம்பா, ஆர்சிங்க் இரண்டையுமே ஆஸ்திரேலியாக்காரரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான் தொடங்கினார். சாம்பா 1992 வாக்கில், ஆர்சிங்க் 1996-இல், பால் மெக்கராஸுடன் சேர்ந்து. உங்கள் மாடிப்படிக்குக் கீழே பாதி அவர் சரக்கு.)

---

பழைய_டெர்மினல்:

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நீ விண்டோஸில் அழித்த 60 ஜிபி. அது லாக் கதை இல்லை. எல்எஸ் -லா /ஹோம்/ஜாப்ஸ் அடித்துப் பார், புள்ளியில் தொடங்குகிற ஒரு போல்டர் இருக்கும்.

---

காலண்டர்_டிசைனர்:

.ரீசைக்கிள் என்று ஒன்று இருக்கிறது. 74 ஜிபி. நான் அழித்ததெல்லாம் உள்ளே இருக்கிறது, அதற்கு முன்பு மற்றவர்கள் அழித்ததும். விண்டோஸில் இது கண்ணில் படவே இல்லையே?

---

பழைய_டெர்மினல்:

புள்ளியில் தொடங்கும் பெயர் இங்கே மறைவானது, சாம்பாவும் அதை விண்டோஸுக்கு மறைவுப் போல்டராகவே காட்டும். முன்னால் இருந்தவர் சாம்பாவில் ரீசைக்கிள் வசதியைப் போட்டிருக்கிறார். நல்ல வசதி, எடுக்காதே, யாராவது தெரியாமல் அழித்துவிட்டு உன்னிடம் ஓடி வரும்போது நீ கடவுள் மாதிரித் தெரிவாய். ஆனால் அதைக் காலி செய்ய யாரும் இல்லை.

30 நாளுக்கு மேல் ஆனதை ஃபைண்ட் கட்டளையால் அழிக்கலாம். இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். எஸ்எம்பி.கான்ஃபில் 'ரீசைக்கிள்:டச்' யெஸ் என்று இருக்கிறதா பார். இல்லாவிட்டால் பைலின் தேதி அது அழிக்கப்பட்ட தேதியாக இருக்காது, போன வருடம் செய்த டிசைனை நேற்று ஒருவர் தவறி அழித்திருந்தால் இன்றைக்கே அது முப்பது நாளைத் தாண்டியதாகக் கணக்காகிவிடும். டச் போட்ட பிறகு -ஏடைம் +30 என்று தேடு. இரண்டாவது, -டிலீட் என்ற சொல் வரியின் கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் போகும், நீ -டிலீட்டை முன்னால் போட்டுத் தேதியைப் பின்னால் போட்டால் தேதியைப் பார்க்கும் முன்பே எல்லாம் போய்விடும். முதலில் -டிலீட் இல்லாமல் ஓட்டு, வருகிற பட்டியலைப் படி, அப்புறம் சேர்.

---

வேகம்24:

சரி, லாக் விஷயம் என் தப்புதான். ஆனால் 777 போட்டால் என்ன ஆகிவிடும்? நான் எல்லா இடத்திலும் போடுகிறேன், எதுவும் ஆனதில்லை.

---

ஐநோட்:

ஜாப்ஸ் போல்டருக்குள் மட்டும் போட்டால் உடனே ஒன்றும் வெடிக்காது, யார் வேண்டுமானாலும் யாருடையதையும் மாற்றலாம் அழிக்கலாம் என்று ஆகிவிடும், அவ்வளவுதான். நீங்கள் சொன்னது / இலிருந்து. அதைச் செய்தால் சூடோ (ஒரு கட்டளையை மட்டும் ரூட் உரிமையோடு ஓட்ட உதவுவது) உட்படச் சில புரோகிராம்களில் 'இதை யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடு' என்று ஒரு விசேஷக் குறி இருக்கும், 777 அதை அழித்துவிடும். அத்தோடு சூடோ வேலை செய்யாது. எஸ்எஸ்ஹெச் (புட்டியில் வருபவரை உள்ளே விடுகிற புரோகிராம்) தன் சாவிப் பைல்கள் எல்லோருக்கும் திறந்து கிடப்பதைப் பார்த்தால் நம்பாமல் மறுக்கும், அடுத்த முறை வெளியிலிருந்து உள்ளே போக முடியாது. பழைய பர்மிஷன்களை எந்த இடத்திலும் எழுதி வைத்திருக்க மாட்டோம், திருப்பவும் முடியாது. நான் 2011-இல் ஒரு சர்வரில் /வார் என்று அடிக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒரு இடைவெளி விட்டு இதைச் செய்தேன், மறுபடி முழுக்க இன்ஸ்டால் செய்துதான் மீண்டேன், அன்று ஞாயிற்றுக்கிழமை.

எண்களின் கணக்கு சுலபம். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். போல்டருக்கு 1 என்றால் உள்ளே நுழையும் உரிமை. பலர் தவறவிடுவது, ஒரு பைலை அழிக்கிற உரிமை அந்தப் பைலின் பர்மிஷனில் இல்லை, அது இருக்கிற போல்டரின் பர்மிஷனில் இருக்கிறது. பெயர்ப்பட்டியலை மாற்ற உரிமை உள்ளவன் பெயரை அடிக்கலாம், பழைய டெர்மினல் சொன்ன அதே கதைதான்.

காலண்டர், உங்களுக்குத் தேவை ஒரு குழு. டிசைன் என்று குழு உருவாக்கி ஏழு பேரையும் சேர்த்து, ஜாப்ஸ் போல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து 2775 போடுங்கள். முன்னாலுள்ள 2 இருந்தால் உள்ளே உருவாகும் புதுப் பைல் எல்லாம் தானாகவே அதே குழுவுக்குப் போகும். ஆளைச் சேர்க்கும்போது யூசர்மோட் -ஏஜி என்று கொடுங்கள். அந்த ஏ-வை விட்டுவிட்டு வெறும் -ஜி போட்டால் அந்த ஆள் ஏற்கெனவே இருந்த மற்ற குழுக்களிலிருந்து எல்லாம் நீக்கப்பட்டுவிடுவார். உங்கள் சொந்தக் கணக்கில் இதைச் செய்தால் சூடோ குழுவிலிருந்து உங்களையே நீங்கள் வெளியே தள்ளிக்கொள்வீர்கள்.

---

காலண்டர்_டிசைனர்:

சொந்தக் கணக்கா? நான் ரூட்டாகத்தானே போகிறேன்.

முந்தைய அண்ணன் சில நாள் வீட்டிலிருந்தே உள்ளே வந்து சரி செய்வார், ரவுட்டரில் ஏதோ திறந்திருப்பதாகச் சொன்னார். அது ஆபத்தா?

---

பழைய_டெர்மினல்:

லாஸ்ட்பி என்று அடித்துப் பார், தோற்றுப்போன லாகின் முயற்சிகள் வரும். ரவுட்டரில் 22-ஆம் போர்ட் (எஸ்எஸ்ஹெச்சுக்கான கதவு) திறந்திருந்தால் உனக்குத் தெரியாத ஐபியிலிருந்து ரூட், அட்மின், டெஸ்ட் என்று பக்கம் பக்கமாக இருக்கும். உன்னைக் குறிவைத்து யாரும் வரவில்லை, இன்டர்நெட்டில் இருக்கிற எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் அவை. ஆனால் விசிட்டிங் கார்டில் எழுதுகிற அளவுக்குச் சின்ன பாஸ்வேர்டு என்றால் ஒரு நாள் திறந்துவிடும்.

இன்றைக்கு ரவுட்டரில் அதை மூடு. உனக்கு வெளியிலிருந்து வேலை இல்லையே. ரூட் பாஸ்வேர்டை மாற்று. /ரூட்/.எஸ்எஸ்ஹெச் உள்ளே ஆத்தரைஸ்டு_கீஸ் என்று பைல் இருந்தால் அதில் யாருடைய சாவிகள் இருக்கின்றன என்று பார், போனவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் லேப்டாப் திருட்டுப் போகலாம் அல்லவா. உனக்கென்று ஆட்யூசர் போட்டு ஒரு கணக்கு தொடங்கி, சூடோ குழுவில் சேர்த்துக்கொள். ரூட்டாகவே உட்கார்ந்திருந்தால் நீ தப்பாக அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் சட்டம். சூடோ என்று நாலெழுத்து அடிப்பதற்குள் பல முறை எனக்குப் புத்தி வந்திருக்கிறது.

புதுக் கணக்கில் உள்ளே போய் சூடோ வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் 'பெர்மிட்ரூட்லாகின்' நோ ஆக்கு. எஸ்எஸ்ஹெச்டி -டி என்று அடித்தால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும். ரீஸ்டார்ட் செய்யும்போது இப்போது திறந்திருக்கிற புட்டி ஜன்னலை மூடாதே. இரண்டாவது ஜன்னல் திறந்து அதில் உள்ளே போக முடிகிறதா என்று பார், முடிந்தால்தான் முதலாவதை மூடு. உனக்கு சர்வர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, கீபோர்டு மாட்டிக்கொள்ளலாம். எனக்கு ஒரு முறை 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

கடைசியாக, டெபியன் 10. அது 2019-இல் வந்தது, நீண்ட காலப் பாதுகாப்பு ஆதரவும் 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் இப்போது தொடாதே. காலண்டர் வேலை முடியட்டும். ஒரே தாவாக மேலே போக முடியாது, 10-இலிருந்து 11, அப்புறம் 12 என்று ஒவ்வொரு படியாகத்தான். பொங்கல் லீவில் செய்யலாம், நான் இருப்பேன், இதே இடத்தில் கேள்.

---

காலண்டர்_டிசைனர்:

லாஸ்ட்பி போட்டேன். ஓடிக்கொண்டே இருந்தது, கன்ட்ரோல் சி அடித்துத்தான் நிறுத்தினேன். ரவுட்டரில் மூடிவிட்டேன். பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, சாவிப் பைலில் இரண்டு சாவி இருந்தது, இரண்டையும் வேறு பைலுக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.

யூஎஸ்பி மாட்டி மவுண்ட் ஆனது. ஆர்சிங்க் ஒத்திகை பார்த்து நிஜமாகவும் ஓட்டியாயிற்று. ஆறு பைல் திறந்து பார்த்தேன், ஐந்து நன்றாக இருக்கிறது. ஒன்று திறக்கவில்லை, ஆனால் அது அசலிலேயே திறக்கவில்லை. டிஸ்க் நிறைந்திருந்த திங்கட்கிழமை யாரோ சேமித்தது, 0 பைட். ஒரு முருகன் காலண்டர். .ரீசைக்கிளில் அதன் முந்தைய பதிப்பு ஒன்று கிடைத்தது, நல்லவேளை அதை இன்னும் காலி செய்யவில்லை.

/எம்என்டி/பழையதை நாளை காலை அழிக்கிறேன். .ரீசைக்கிளுக்கு ஃபைண்ட் வரியை எழுதி இங்கே போடுகிறேன், -டிலீட் இல்லாமல்தான், நீங்கள் யாராவது பார்த்துச் சொன்ன பிறகு சேர்க்கிறேன். கறுப்பு டப்பா மேல் 'கழற்றாதே' என்று தாள் ஒட்டியிருக்கிறேன், ஆர்ட் பேப்பர், நாலு கலர்.